குரலைத் தனியா வையுங்க: வீட்டு ஒலிப்பதிவு வந்த கதை

சொந்தக் குரலில் ஒரு கவிதையைப் படித்து, பின்னணியில் மெல்லிசா ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டு, எம்பி3 ஆக்கி நண்பர்களுக்கு அனுப்புவது இன்னைக்கு அரை மணி நேர வேலை. ஒரு கணினி, ஒரு மைக், காசு கொடுக்காம இறக்கிக்கொள்ளும் ஒரு மென்பொருள். அவ்வளவு போதும். மின்விசிறியை நிறுத்தச் சொன்னா வீட்டில் கொஞ்சம் முறைப்பாங்க, அதைத் தாங்கிக்கணும்.

இந்த அரை மணி நேர வேலைக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்குங்க. ஒலிப்பதிவு எனக்குத் தொழில் இல்லை, பொழுதுபோக்கு. அங்கங்கே படித்தது, நானே நோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது எல்லாத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ஒன்னு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். இந்த வேலைக்கு 'மிக்ஸிங்'னு பேர் வச்சிருக்காங்க. அதாவது கலப்பது. ஆனா கதையை முழுசாப் பார்த்தா, மனுஷன் இத்தனை வருஷம் பாடுபட்டது கலப்பதற்காக இல்லை. கடைசி நிமிஷம் வரைக்கும் கலக்காம வச்சிருக்கத்தான்! கலப்பது ரொம்ப சுலபம். பாலில் டிகாஷனை ஊத்துற மாதிரி. ஊத்தினதுக்கு அப்புறம் பாலைத் தனியா கேட்டா யார் கொடுப்பா?

நாற்காலியை நகர்த்து

எடிசன் 1877ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 50 வருஷம் ஒலிப்பதிவுக்கு மைக்கே கிடையாது. பெரிய குழாய் ஒன்று இருக்கும். அதன் வாய்க்கு முன்னால் நின்று பாடணும், வாசிக்கணும். அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும். குரல் தூக்கலா கேட்கணும்னா பாடகர் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கணும். சத்தம் போடுற வாத்தியம்னா சுவரோரம் தள்ளி உட்காரணும். அன்னைக்கு மிக்ஸிங் என்றால் நாற்காலியை நகர்த்துவதுதான்.

1925 வாக்கில் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஒலிப்பதிவுக்கு வந்தன. குரலுக்கு ஒரு மைக், வாத்தியத்துக்கு ஒரு மைக், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. நாற்காலி நகர்த்துகிற வேலை மிச்சம். ஆனா எல்லா மைக்கும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே கோட்டில்தான். பாடிக்கொண்டிருக்கும்போதே கலந்தாகணும். ஒருத்தர் தப்பு பண்ணினா எல்லாரும் முதல்லேருந்து.

நம்ம சினிமாப் பாட்டுகளும் வெகுகாலம் இப்படித்தான் பதிவாகின. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒரே ஸ்டுடியோவில். முப்பது நாற்பது பேர் மூச்சைப் பிடித்து வாசித்துக்கொண்டு வரும்போது கடைசி சரணத்தில் ஒருத்தர் பிசகினால் என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அந்தப் பாட்டுகளில் இருக்கிற உயிருக்கு அந்தப் பயமும் ஒரு காரணம்னு சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனா அதில் இன்னொன்னும் இருக்கு. அத்தனை பேரை ஒரே அறையில் உட்கார வைக்கப் பணம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஒலிப்பதிவு. தனி ஆளுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரே ஆள், ஆறு வாத்தியம்

தனி ஆளுக்கான கதவை முதலில் தட்டியவர்களில் ஒருவர் சிட்னி பெஷே. அமெரிக்க ஜாஸ் கலைஞர். 1941ல் 'தி ஷேக் ஆஃப் அராபி' என்ற பாட்டில் கிளாரினெட், இரண்டு வகை சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஆறையும் அவர் ஒருத்தரே வாசித்தார். எப்படி? ஒரு வாத்தியத்தை ஒரு தட்டில் பதிவது. அந்தத் தட்டை ஓடவிட்டு, கூடவே அடுத்த வாத்தியத்தை வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் பதிவது. இப்படியே ஒவ்வொரு அடுக்கா ஏற்றணும். ஒவ்வொரு அடுக்குக்கும் பழைய தட்டின் கரகரப்பும் கூடவே ஏறும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தா எழுத்து மங்குமே, அதே கதை.

இதையே வீட்டுக்குக் கொண்டு வந்தவர் கிட்டார் கலைஞர் லெஸ் பால். ஹாலிவுட்டில் தன் வீட்டு கார் ஷெட்டில் தட்டுக்கு மேல் தட்டாக எட்டு கிட்டார் பகுதிகளை அடுக்கி 'லவர்' என்ற பாட்டை 1948ல் வெளியிட்டார். வீட்டு ஒலிப்பதிவுக்கு ஒரு பிறந்தநாள் கொண்டாடணும்னா நான் அந்த கார் ஷெட்டுக்குத்தான் கேக் வாங்கிட்டுப் போவேன்.

1949ல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரைப் பரிசாகக் கொடுத்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தினார். (கேசட் காலத்து ஆட்களுக்கு ஹெட் என்றால் தெரியும். பஞ்சில் கொலோன் தொட்டுத் துடைப்போமே, அதேதான்.) சாதாரண டேப் ரெக்கார்டரில் நாடா முதலில் அழிக்கிற ஹெட், அப்புறம் பதிகிற ஹெட், அப்புறம் கேட்கிற ஹெட் என்று வரிசையாகக் கடந்து போகும். இவர் அழிக்கிற ஹெட்டுக்கு முன்னாடியே கேட்கிற ஹெட் ஒன்றை வைத்தார். பழைய ஒலி அழியப்போகிற கடைசி கணத்தில் அது அதைக் கேட்டுவிடும். அந்த ஒலியோடு புதுசா வாசிப்பதையும் சேர்த்து அதே நாடாவில் மறுபடி பதிந்துவிடலாம். ஒரே இயந்திரம், எத்தனை அடுக்கு வேணும்னாலும்!

இதில் ஒரு ஆபத்து இருக்கு, கவனிச்சீங்களா? பழசு அழிஞ்சுதான் புதுசு வரும். பத்து அடுக்கு ஏற்றி, பதினோராவதில் ஒரு தும்மல் வந்தால் பத்தும் காலி. அதோடு ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கிற அடுக்கு மங்கும். அதனால் முக்கியமில்லாத பகுதிகளை முதலில் பதிந்து, முக்கியமானதைக் கடைசியில் வைத்துக்கொள்வார். லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் இப்படி வீட்டில் உட்கார்ந்து பதிந்த 'ஹவ் ஹை தி மூன்' 1951ல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. மேரி ஃபோர்டே தனக்குத் தானே பின்பாட்டு பாடியிருப்பார். எத்தனை தடவை முதல்லேருந்து பாடினாரோ, அந்தப் பொறுமைக்குத் தனியா ஒரு சபாஷ்.

தனித்தனித் தடம்

அடுக்கை அழிக்காம வச்சுக்க என்ன வழி? நாடாவை அகலமாக்கி, நெடுஞ்சாலையில் லேன் போடுற மாதிரி தனித்தனி ட்ராக் போடணும். தமிழில் தடம்னு வச்சுக்குவோம். ஆம்பெக்ஸ் நிறுவனம் லெஸ் பாலுக்காக எட்டுத் தட இயந்திரம் ஒன்றைச் செய்து 1957ல் கொடுத்தது. விலை 10,000 டாலர். எட்டு தடம் இருந்ததால் 'ஆக்டோபஸ்' என்று செல்லப்பேர்.

தடம் பிரிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. பதிகிற ஹெட்டும் கேட்கிற ஹெட்டும் நாடாவில் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடுது, இரண்டுக்கும் நடுவில் 2 அங்குலம் இடைவெளின்னு வச்சுக்குங்க. நாம் காதில் கேட்பதற்கும் நம் பாட்டு பதிவாகிற இடத்துக்கும் 0.13 வினாடி வித்தியாசம் வந்துவிடும். தாளத்தில் அது பெரிய ஓட்டை. ஆம்பெக்ஸ் பொறியாளர் ராஸ் ஸ்னைடர் கொண்டுவந்த யோசனைப்படி, பதிகிற ஹெட்டையே மற்ற தடங்களைக் கேட்பதற்கும் பயன்படுத்தினார்கள். இடைவெளியே இல்லை, தாமதமும் இல்லை. இந்தத் தாமதத்தை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி கம்ப்யூட்டரில் மறுபடியும் வந்து தலைவலி கொடுக்கும்.

பெரிய ஸ்டுடியோக்களுக்கே எட்டுத் தடம் வந்து சேர வருஷங்கள் ஆச்சு. பீட்டில்ஸின் 1967ஆம் வருஷத்து 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் நாலு தட இயந்திரங்களில் பதிந்ததுதான். நாலும் நிரம்பினதும் அதைக் கலந்து இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றி, கிடைத்த காலி இடத்தில் அடுத்தது. கலந்தது கலந்ததுதான், திரும்பப் போக முடியாது.

வீட்டுக்காரர்களுக்கு விடிவு 1979ல். ஜப்பானின் டீயாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற பெட்டியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு தடம், பி பக்கத்துக்கு இரண்டு தடம் இருக்கும் இல்லையா? இது நாலையும் ஒரே திசையில், இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியது. கடையில் வாங்குகிற கேசட்டில் நாலு தட ஸ்டுடியோ!

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டு அறையில் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிந்தார். தன் குழுவினருக்கு மெட்டைக் காட்டுவதற்கான மாதிரிதான் அது. அப்புறம் ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா வீட்டு கேசட்டில் இருந்த ஏதோ ஒன்னு இல்லை. கடைசியில், சட்டைப்பையில் உறைகூட இல்லாமல் அவர் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த கேசட்டே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக அதே வருஷம் வெளிவந்தது. பெரிய ஸ்டுடியோ தோற்று வீட்டு அறை ஜெயித்த கதை.

நம்ம ஊரிலும் வீட்டு ஸ்டுடியோ ஒன்னு சரித்திரம் படைச்சது, மறந்துடாதீங்க. ஏ.ஆர்.ரஹ்மான் 1989ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன். கம்ப்யூட்டரையும் சின்தஸைசரையும் வைத்துக்கொண்டு அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்டுவது, பாடகரைத் தனியே கூப்பிட்டு விதவிதமாகப் பாடவைத்து அப்புறம் தேர்ந்தெடுப்பது என்று அவர் பாணியே வேறு. 1992ல் 'ரோஜா' வந்தபோது அந்த ஒலி ஏன் புதுசா இருந்ததுன்னு கேட்டா, பாதி பதில் இந்தப் பிரித்து வைக்கிற வித்தையில் இருக்கு.

கம்ப்யூட்டருக்குக் காது முளைச்சது

சரி, கணினிக்கு வருவோம். கணினிக்கு ஒலி என்றால் வெறும் எண்கள். மைக்கில் வருகிற மின்னழுத்தத்தை வினாடிக்கு இத்தனை தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளும். 1982ல் வந்த ஆடியோ சிடிக்கு வைத்த கணக்கு வினாடிக்கு 44,100 தடவை. ஒவ்வொரு அளவும் மைனஸ் 32,768 முதல் பிளஸ் 32,767 வரை ஏதோ ஒரு எண். ஸ்டீரியோவில் ஒரு நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 10 எம்பி. 1990ல் 40 எம்பி ஹார்ட் டிஸ்க் இருந்தாலே பெரிய ஆள். நாலு நிமிஷப் பாட்டு ஒன்னுக்கு அது பத்தாது.

இந்த எண்களில்தான் மிக்ஸிங்கின் ரகசியம் இருக்கு. குரலும் இசையும் கலப்பது என்பது கணினிக்கு வெறும் கூட்டல் கணக்கு. குரலின் எண் 3, இசையின் எண் 4, கலந்தா 7. இப்படி வினாடிக்கு 44,100 கூட்டல். அவ்வளவுதான் மேட்டர். இரண்டும் பெரிய எண்ணா இருந்து, கூட்டினால் 32,767ஐத் தாண்டினா என்ன ஆகும்? தாண்ட முடியாது, மண்டை தட்டையா வெட்டுப்பட்டு 'கரபுர'ன்னு கேட்கும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரி. அதனால்தான் கலப்பதற்கு முன்னாடி இசையைக் குறைக்கச் சொல்றாங்க.

சரி, உங்ககிட்ட வெறும் 7ஐ மட்டும் கொடுத்து, இதில் குரல் எவ்வளவு, இசை எவ்வளவுன்னு கேட்டா? 3ம் 4மா? 5ம் 2மா? சொல்லவே முடியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா இந்த 7ஐ வச்சுக்குங்க.

வீட்டுக் கணினிக்கு ஒலியைப் பரவலாகக் கொண்டு வந்தவர் நம்ம பக்கத்து சிங்கப்பூர்க்காரர், சிம் வோங் ஹூ. 1981ல் அவர் ஆரம்பித்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டை வெளியிட்டது. முதல் கார்டு 8 பிட், அதாவது ஒலியின் அளவுக்கு வெறும் 256 படிகள்தான். டெலிபோனில் கேட்கிற மாதிரி இருக்கும். 1992ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 சிடி தரத்தைத் தொட்டது, 65,536 படிகள். இந்த கார்டுகளை ஜனங்க வாங்கினது பெரும்பாலும் கேம் விளையாட. துப்பாக்கிச் சத்தத்துக்காகப் பசங்க கொடுத்த காசில்தான் சவுண்ட் கார்டு விலை இறங்கி, மைக் ஜாக் வீட்டுக்கு வீடு வந்தது. சிம் வோங் ஹூ 2023ல் காலமானார். பாட்டு பாடிப் பதிந்தவங்க எல்லாரும் அவருக்கு ஒரு நன்றி கடன்பட்டிருக்கோம்.

ஆனா 1990களின் நடுப்பகுதி வரை பல கார்டுகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒன்று கேட்கும், இல்லை பேசும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. இசையைக் காதில் கேட்டுக்கிட்டே பாட முடியாதுன்னா எப்படி அடுக்குவது? பக்கத்தில் டேப் ரெக்கார்டரில் இசையை ஓடவிட்டு, இரண்டையும் ஒரே மைக்கில் பிடித்தவர்கள் நிறைய பேர். எடிசன் காலத்து நாற்காலி முறைக்கே திரும்பிப் போன மாதிரி!

பச்சைக் கோடும் 60 வினாடியும்

விண்டோஸில் 'சவுண்ட் ரெக்கார்டர்' ஞாபகம் இருக்கா? கறுப்புப் பட்டையில் ஒரு பச்சைக் கோடு, அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். நம்மில் எத்தனையோ பேர் சொந்தக் குரலை முதல்முதலா கம்ப்யூட்டரில் கேட்டது அதில்தான். "ஐயய்யே, என் குரலா இது?"ன்னு அதிர்ச்சி அடைஞ்சதும் அதில்தான். 60 வினாடி ஆனதும் நின்றுவிடும். வெற்றுக் கோப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளமாக்கி அதை ஏமாற்றுகிற வித்தை அப்போ பிரபலம்.

அதன் மெனுவில் 'இன்னொரு கோப்போடு கல' என்கிற மாதிரி ஒரு வசதியும் இருந்தது. குரல் ஒரு கோப்பு, இசை ஒரு கோப்பு, ஒரு சொடுக்கில் கலந்துவிடும். ஆனா கலக்கும்போது இசையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. முன்கூட்டியே இசைக் கோப்பைத் திறந்து, வால்யூமைப் படிப்படியா குறைத்துச் சேமித்துவிட்டு வரணும். கேட்டுப் பார்த்து சரியில்லைன்னா மறுபடி முதல்லேருந்து. லெஸ் பாலின் கார் ஷெட் கஷ்டம், விண்டோஸ் வடிவத்தில்.

இதை மாற்றியதில் 'கூல் எடிட்'டுக்குப் பெரிய பங்கு உண்டு. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவிட் ஜான்ஸ்டன் உருவாக்கியது. இலவசமா இறக்கிப் பயன்படுத்தலாம், ஆனா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஏதாவது இரண்டு வசதித் தொகுப்பை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பணம் கட்டினால் எல்லாம் திறக்கும். 1990களின் கடைசியில் வந்த கூல் எடிட் ப்ரோவில் 64 தடங்கள். லெஸ் பால் 10,000 டாலர் கொடுத்து வாங்கியதைவிட எட்டு மடங்கு! அடோபி நிறுவனம் 2003ல் இதை 1 கோடியே 65 லட்சம் டாலருக்கு வாங்கி 'ஆடிஷன்' என்று பேர் மாற்றியது.

கூல் எடிட் மாதிரியான மென்பொருள்கள் கொடுத்த பெரிய வரம் தடங்களின் எண்ணிக்கை இல்லைங்க. ஒலியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எங்கே மூச்சு, எங்கே இருமல், எங்கே 'ச'னாவின் சீறல் எல்லாம் அலையா தெரியும். வெட்டி எறியலாம். அதைவிடப் பெரிய வரம், 'அன்டூ'. தப்பா வெட்டிட்டா திரும்பப் போகலாம். 1951ல் மேரி ஃபோர்டுக்கு இது ஒன்னு மட்டும் கிடைச்சிருந்தா!

ஓசியில் ஒரு ஸ்டுடியோ

1999ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் ஒரு மென்பொருளை எழுத ஆரம்பித்தார்கள். 2000 மே மாதம் 'ஆடாசிட்டி' வெளிவந்தது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தது. பல தடங்கள். ஒரு தடத்தை இழுத்து முன்னே பின்னே நகர்த்தலாம். குரல் வரும் இடத்தில் இசையை மட்டும் வளைத்துக் கீழே இறக்கலாம். இதையே தானா செய்ய 'ஆட்டோ டக்' என்று ஒரு வசதியும் வந்தது. பேச்சு வரும்போது இசை குனிஞ்சு வழிவிடும், பேச்சு முடிஞ்சதும் நிமிர்ந்துக்கும்.

ஆரம்ப வருஷங்களில் ஆடாசிட்டியிலிருந்து நேரடியா எம்பி3 எடுக்க முடியாது. காப்புரிமைச் சிக்கல். 'லேம்' என்கிற கோப்பைத் தனியே இறக்கி, அது எங்கே இருக்குன்னு கையைப் பிடிச்சுக் காட்டணும். எம்பி3 காப்புரிமைகள் 2017ல் முடிவுக்கு வந்தபிறகு அந்தத் தொல்லை ஒழிஞ்சது.

முன்னாடி சொன்ன தாமதத் தலைவலி இங்கே மறுபடி வரும். நாம் பாடுவது கணினிக்குள் போய், கணக்காகி, ஹெட்போனுக்குத் திரும்பி வர நேரம் எடுக்கும். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் தாமதம்னா தபேலாக்காரர் மூணரை மீட்டர் தள்ளி உட்கார்ந்த மாதிரி, சமாளிக்கலாம். 100 மில்லிசெகண்ட்னா அவர் 34 மீட்டர் தள்ளி தெருக்கோடியில் உட்கார்ந்திருக்கார்! இதைக் குறைக்க ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ல் 'ஏசியோ' என்ற முறையைக் கொண்டு வந்தது. ஆடாசிட்டி வேறு வழியில் போனது. தாமதம் இவ்வளவுன்னு ஒரு தடவை அளந்து சொல்லிட்டா, பதிந்து முடிச்சதும் தடத்தை அந்த அளவு பின்னுக்குத் தள்ளி வச்சிடும்.

கழித்தல் கணக்கு

கூட்டத் தெரிஞ்சாச்சு. கழிக்க?

கரோக்கே ஆசையில் எல்லாரும் செய்து பார்த்த ஒரு வித்தை உண்டு. பெரும்பாலான ஸ்டீரியோ பாட்டில் குரல் நடுவில் இருக்கும், அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே அளவு. அப்போ இடதிலிருந்து வலதைக் கழித்தால் குரல் பூஜ்யம் ஆயிடும், ஓரத்தில் இருக்கிற வாத்தியங்கள் மிஞ்சும். கேட்க ஜோரா இருக்கு. ஆனா நடுவில் இருக்கிற பேஸும் டிரம்ஸும் கூடவே போயிடும், குரலின் எதிரொலி மட்டும் ஆவி மாதிரி சுத்திக்கிட்டிருக்கும். நம்ம பழைய மோனோ பாட்டில் செய்தால் இன்னும் வேடிக்கை. இரண்டு பக்கமும் ஒன்னேதான், அதனால் கழிச்சா பாட்டு மொத்தமும் காணாம போயிடும்!

7ஐ உண்மையாவே பிரிக்க முடிந்தது இப்போ சில வருஷமாத்தான். பெரிய உதாரணம் ஜான் லென்னன். 1970களின் கடைசியில் நியூயார்க்கில் தன் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு கேசட்டில் பாடி வைத்திருந்தார். 1980ல் கொல்லப்பட்டார். 1994ல் அந்தப் பதிவுகள் யோகோ ஓனோ மூலமா பால் மெக்கார்ட்னியின் கைக்கு வந்தன. மிச்சமிருந்த மூன்று பீட்டில்ஸும் சேர்ந்து இரண்டு பாட்டை முடித்தார்கள். மூன்றாவது 'நௌ அண்ட் தென்'. அதில் பியானோ குரலை மூடியது, கூடவே கரண்ட் ரீங்காரம். முடியலைன்னு வச்சுட்டாங்க. 2001ல் ஜார்ஜ் ஹாரிசனும் போய்ச் சேர்ந்தார். பிறகு இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருள் அந்த கேசட்டிலிருந்து லென்னனின் குரலைத் தனியே உரித்து எடுத்தது. 2023 நவம்பர் 2ஆம் தேதி பாட்டு வெளிவந்தது.

நம்மை மாதிரி ஆட்களுக்கும் இந்த வித்தை கிடைச்சாச்சு. டீசர் நிறுவனம் 2019ல் 'ஸ்ப்ளீட்டர்' என்ற பிரிப்பானை இலவசமா வெளியிட்டது. இது எப்படி 7ஐப் பிரிக்குது? மந்திரம் ஒன்னும் இல்லை. குரல் தனி, டிரம்ஸ் தனி, பேஸ் தனி என்று யாரோ பிரித்துப் பத்திரப்படுத்திய ஏராளமான பாட்டுகளைக் காட்டித்தான் அதுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கலக்காம வச்சிருந்தவங்க புண்ணியத்தில் கலந்ததைப் பிரிக்கிறோம்.

ஆனா இதுக்கும் எல்லை உண்டு. எங்க அப்பத்தா தாலாட்டு பாடினதை 1980களில் சித்தப்பா ஒரு கேசட்டில் பிடிச்சு வச்சிருந்தார். அப்பத்தா குரல் எங்க வீட்டில் இருப்பது அந்த ஆறு நிமிஷம்தான். பக்கத்தில் டிரான்சிஸ்டரில் சினிமாப் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். இந்தப் பிரிப்பான்களில் அதைப் போட்டுப் பார்த்தேன். வாத்தியம் எல்லாம் ஓரளவு விலகிப் போச்சு. ஆனா ரேடியோவில் பாடுகிற அம்மா போகலை. ஏன்னா மென்பொருளுக்கு 'மனுஷக் குரல்' எதுன்னு தெரியும், 'அப்பத்தா குரல்' எதுன்னு தெரியாது. இரண்டு பேரையும் ஒரே தடத்தில் ஜோடியா உட்கார வச்சிட்டது. இன்னொன்னும் நடந்தது. வாத்தியத்தை உரிக்கும்போது, தாலாட்டுக்கு நடுவில் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பாங்களே, அதை வாத்தியம்னு நினைச்சுத் தூக்கி எறிஞ்சிடுச்சு.

அசல் கேசட்டை அப்படியே ஒரு கோப்பா எடுத்து வச்சிருந்ததால் ஒன்னும் கெட்டுப் போகலை. நாளைக்கு இதைவிட நல்ல பிரிப்பான் வந்தால் மறுபடி முயற்சி செய்யலாம். ஒரு வேடிக்கை, அந்த ரேடியோ பாட்டு எந்தப் படம்னு தெரிஞ்சதால்தான் அது எந்த வருஷத்துக்குப் பிறகு பதிந்ததுன்னு எங்களுக்குக் கணக்கு கிடைச்சது. அதனால் அந்த அம்மாவைத் திட்டவும் மனசு வரலை.

நான் கடைப்பிடிக்கிற சில விதிகள்

இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்குச் சும்மா அனுப்பக் கூடாது இல்லையா? இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை:

1. குரலைத் தனியாப் பதியுங்க. இசை ஹெட்போனில் மட்டும் ஓடட்டும், ஸ்பீக்கரில் வேண்டாம். ஸ்பீக்கரில் ஓடினால் அது மைக்கில் ஏறி, 7 ஆயிடும்.

2. பேச ஆரம்பிக்கும் முன்னாடி பத்து வினாடி சும்மா இருங்க. அறையின் வெற்றுச் சத்தம் பதிவாகும். இரைச்சலைக் குறைக்கும் வசதி அந்த மாதிரியை வச்சுத்தான் எது இரைச்சல்னு தெரிஞ்சுக்கும்.

3. அலையின் உச்சி மேலே தலையை இடிக்க வேண்டாம். உச்சிக்கு 6 டெசிபல் கீழே நின்றால் போதும். மெதுவாப் பதிந்ததை அப்புறம் கூட்டலாம். வெட்டுப்பட்ட மண்டையை ஒட்ட முடியாது.

4. பேச்சுக்குப் பின்னால் இசை ரொம்ப அடக்கமா இருக்கணும். வலைத்தளங்களை எல்லாரும் அணுகும்படி அமைக்க டபிள்யூ3சி 2008ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கணக்கு உண்டு. பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் கீழே இருக்கட்டும் என்று. அதாவது அலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. காது மந்தமானவங்களை மனசில் வச்சுச் சொன்னது, நமக்கும் பொருந்தும்.

5. கலக்காத குரல் கோப்பை வேவ் வடிவில் தனியே சேமித்து, இரண்டு இடத்தில் வையுங்க. எம்பி3 என்பது பரிமாறுகிற தட்டு, அரிசி மூட்டை இல்லை.

வீட்டில் பெரியவங்க இருக்காங்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைச்சுட்டு, ஃபேனை நிறுத்திட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வச்சு, அவங்க கல்யாணக் கதையைக் கேளுங்க. பின்னணி இசை எது போடலாம்னு யோசிச்சு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதை அடுத்த வருஷம்கூடச் சேர்த்துக்கலாம்.